இலவமலையில் ஒரு கனத்த பிள்ளை

இலவமலை ஏறுகிறவர்கள் அடிவாரத்திலேயே சுமையை மாற்றிக்கொள்வார்கள். மற்ற மலைகளில் பிள்ளையைத் தோளிலும் பையை முதுகிலும் ஏற்றிக்கொண்டு நாக்குத் தள்ள ஏறுகிற அப்பன்மார், இங்கே வந்துதான் இரண்டு கையையும் வீசிக்கொண்டு ராஜா மாதிரி நடப்பார்கள். அரிசியும் பருப்பும் அலுமினியச் சட்டியும் போர்வையும் தண்ணீர்க் கேனும் பிள்ளைகளின் முதுகில் ஏறும். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியும், இவர்கள் எல்லாம் பெற்றவர்கள்தானா என்று கேட்கத் தோன்றும். ஆனால் மலையின் பாதி வழியில் ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கிறது, எந்தக் காலத்திலோ வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன ஒருத்தியின் பேரில் நட்டது, அந்தக் கல்லைத் தாண்டிவிட்டால் பத்து வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு உடம்பில் எடை இருக்காது. முதுகில் மூட்டை இல்லாவிட்டால் பிள்ளை மேலே போய்விடும், அவ்வளவுதான் விஷயம்.

கல்லுக்கு மேலே மேல்கரை என்று ஒரு சிற்றூர். அங்கே இது ஒரு சங்கதியே இல்லை. பிள்ளை பிறந்ததும் அரைஞாண் கயிற்றில் தாயத்து கட்டுவதற்கு முன்னால் ஓர் இரும்பு வளையத்தைக் கோத்துவிடுவார்கள், அந்த வளையத்தில் ஒரு தாம்புக்கயிறு, கயிற்றின் மறுநுனி தாயின் இடுப்பில், தாய்க்கு வேலை இருந்தால் அம்மிக்கல்லில். பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆஜர் எடுக்கும்போது முதலில் பெஞ்சைப் பார்ப்பார், அப்புறம் விட்டத்தைப் பார்ப்பார். அங்கன்வாடிக்கு வந்த மின்விசிறியைப் பஞ்சாயத்தில் பேசிக் கழற்றிக் கொண்டுபோய் மாட்டுத் தொழுவத்தில் மாட்டினார்கள், மாடுகளுக்கு யோகம். நிலாவைக் காட்டிச் சோறூட்டுகிற வேலையெல்லாம் அங்கே நடக்காது, காட்டினால் பிள்ளை கிளம்பிவிடும். ஒரு தடவை பட்டணத்திலிருந்து ஒரு டாக்டர் எடை பார்க்கிற மெஷினோடு வந்து, பிள்ளைகளை அதில் நிறுத்தி, முள் அசையாததைப் பார்த்து, மெஷினைத் தட்டிப் பார்த்து, கடைசியில் தானே ஏறி நின்று, தன் எடையைப் பார்த்து வருத்தப்பட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனார். பத்து வயது முடிகிற அன்றைக்குப் பிள்ளையின் கால் தரையில் பாவும், வீட்டில் பாயசம் வைப்பார்கள், ஊரே சிரிக்கும், அந்தப் பிள்ளை மட்டும் அழும்.

உசிலம்பட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்த நாகேந்திரனுக்கு இதெல்லாம் காதால் கேட்டதுதான். கல்யாணமான புதிதில் அவனும் அவன் மனைவி லோகேஸ்வரியும் ஒரு நாள் லீவு கிடைத்தால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு மலைக்குக் கிளம்பிவிடுவார்கள், சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். பிள்ளைகள் பிறந்தபின் அது நின்றுபோயிற்று. பிள்ளைகள் கொஞ்சம் நடக்கட்டும், இலவமலைக்குக் கூட்டிப்போவோம், அங்கேதான் தூக்கிச் சுமக்க வேண்டாம் என்று லோகேஸ்வரி சொல்லிக்கொண்டே இருந்தாள். சொன்னவள் போன தை மாதம் போய்ச் சேர்ந்தாள், ரத்தத்தில் வந்த நோய். இப்போது காலாண்டு லீவில் நாகேந்திரன் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தான். பெரியவள் செவ்வந்திக்கு ஏழு வயது, சின்னவன் அமுதனுக்கு இன்னும் நாலு ஆகவில்லை. அம்மா போனதிலிருந்து செவ்வந்தி ஒரு தடவை சிரித்ததில்லை, ஒரு தடவை அழுததும் இல்லை. உலகத்தில் எந்தப் பிள்ளையும் பறந்தால் சிரிக்கும், இவளும் சிரிப்பாள், அதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அடிவாரத்தில் வழிகாட்டியாக வந்தவள் ஒச்சம்மா, மேல்கரைக்காரி, நாற்பது வயதுக்குள் இருக்கும், வாய் ஓயாமல் பேசுகிறவள். பிள்ளைகளின் இடுப்பில் வளையம் கோத்துக் கயிறு மாட்டினாள், பழைய ட்ரெக்கிங் பையிலிருந்த சாமான்களைப் பிரித்து, கனமானதை அமுதனுக்கும் லேசானதைச் செவ்வந்திக்கும் பங்கு வைத்தாள்.

"சின்னவனுக்கு எதுக்கு இம்புட்டு?" என்றான் நாகேந்திரன்.

"சின்னதுகதாண்ணே சீக்கிரம் போகும். பெருசுக கொஞ்சம் யோசிச்சுப் போகும்" என்றாள்.

கல்லைத் தாண்டினார்கள். அமுதன் ஒரு எட்டு வைத்தான், அடுத்த எட்டு தரையில் விழவில்லை. சட்டியும் பருப்பும் அவனைக் கீழே இழுக்க, அவன் மேலே இழுக்க, முழங்கால் உயரத்தில் ஆடிக்கொண்டு நின்று, தன் செருப்பைக் குனிந்து பார்த்து, கெக்கெக்கெக்கென்று சிரிக்க ஆரம்பித்தான். நாகேந்திரனுக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு மகளைத் திரும்பிப் பார்த்தான். செவ்வந்தியும் கல்லைத் தாண்டி வந்து, பாதையின் நடுவில், இரண்டு காலும் மண்ணில் பதிய நின்றுகொண்டிருந்தாள்.

"பையக் கழத்து ஆத்தா" என்றாள் ஒச்சம்மா. கழற்றினாள். ஒன்றும் ஆகவில்லை. "குதிச்சுப் பாரு." குதித்தாள், தொப்பென்று விழுந்தாள், புழுதி பறந்தது. ஒச்சம்மா அவள் பாவாடையை உதறி, சட்டைப் பையில் கல் வைத்திருக்கிறாளா என்று பார்த்துவிட்டு, நாகேந்திரனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அண்ணே, நெசத்தச் சொல்லுங்க. பிள்ளைக்குப் பத்து முடிஞ்சிருச்சா? டிக்கெட்டுக்காக வயசக் கொறைக்கிறவங்க இருக்காங்க, நான் கண்டுக்க மாட்டேன்."

"ஏழுதாம்மா. அடுத்த ஆவணி வந்தாத்தான் எட்டு."

மேல்கரையைத் தாண்டிப் போகையில் ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. பறக்கிற பிள்ளைகளைப் பார்த்துப் பழகின ஊருக்கு, நடக்கிற பிள்ளை அதிசயமாக இருந்தது. சத்து மாத்திரை அதிகமாகக் கொடுத்திருப்பார்கள் என்று ஒருவர் சொன்னார், டவுன் பிள்ளைகள் செல்போன் பார்த்துப் பார்த்துத் தலை கனத்துவிடும் என்று இன்னொருவர் சொன்னார், ஒரு பெண் செவ்வந்தியின் இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, தூக்க முடியாமல் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஊர்ப் பிள்ளைகள் கயிறு நுனியில் மிதந்தபடி அவள் தலைக்கு மேலே வட்டமடித்தன. கூரை மேல் மிதந்த ஒரு சிறுமி "ஏ, ஏன் நீ மட்டும் கீழ நிக்கிற?" என்று கேட்டாள். செவ்வந்தி அவளை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் வந்தாள்.

"பரவாயில்லப்பா. நீங்க வருத்தப்படாதீங்க. நான் நடந்தே வர்றேன்."

இதுதான் செவ்வந்தி. எல்லோரும் சொல்லிச் சொல்லி நாகேந்திரனுக்கே பெருமையாகிவிட்ட செவ்வந்தி. காலையில் தானே எழுந்து தானே கோணல்மாணலாகச் சடை போட்டுக்கொள்வாள், தம்பிக்குப் பல் விளக்கிவிடுவாள், அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் தன் தட்டைத் தொடமாட்டாள், அப்பா கடைக்குக் கிளம்பும்போது மாத்திரை போட்டாச்சா என்று கேட்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை அடிக்கும்போது அவளைத்தான் உதாரணம் காட்டினார்கள். மேல்கரைக்காரர்களிடமும் நாகேந்திரன் அதையேதான் சொன்னான், என் பிள்ளை ரொம்பப் பொறுப்பு என்று. சொல்லும்போது அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது, பாவம்.

உச்சிக்குக் கீழே புல்மேட்டில் ஒரு நாவல் மரம் நிற்கிறது, ஏறுகிறவர்கள் சமைத்துச் சாப்பிடுகிற இடம். சுள்ளி பொறுக்கிக் கஞ்சி வைத்துக் குடித்தார்கள். சமைத்துவிட்டதால் அமுதனின் மூட்டை காலியாகிவிட்டது, அவன் மரத்து உச்சியில் பழம் பறித்துத் தின்றுகொண்டிருந்தான், கயிறு நாகேந்திரனின் மணிக்கட்டில் இருந்தது. ஒச்சம்மா ஊற்றில் சட்டி கழுவப் போயிருந்தாள். வயிற்றில் கஞ்சி, முதுகில் மரம், முகத்தில் காற்று, நாகேந்திரன் ஒரு நிமிஷம் கண்ணை மூடினான்.

விழித்தபோது மணிக்கட்டில் கயிறு இல்லை.

எழுந்து ஓடப் பார்த்தவன், மரத்தின் அந்தப் பக்கம் செவ்வந்தியைக் கண்டான். சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கயிற்றைத் தன் இடுப்பில் பல சுற்றுச் சுற்றி, மடியில் தம்பியை உட்காரவைத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். முழங்கை இரண்டும் சிராய்ந்து ரத்தம் கசிந்தது, புல்லில் அவள் இழுபட்டுப் போன தடம் சரிவின் விளிம்பு வரைக்கும் தெரிந்தது. அதற்கு அப்பால் பள்ளத்தாக்கும் மேகமும்தான்.

"அவுந்துருச்சுப்பா. ஓடிப்போய்ப் புடிச்சுட்டேன்" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீங்க தூங்குங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அந்தச் சமயம் சட்டியோடு திரும்பி வந்த ஒச்சம்மா, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சட்டியைக் கீழே வைத்தாள். செவ்வந்தியின் முழங்கையைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள், தம்பியை விடச்சொன்னாள், அவள் விடவில்லை. ஒச்சம்மா நாகேந்திரனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நாங்களும் பொம்பளப் பிள்ளைகள ஆத்தா, தாயின்னுதான் கூப்புடுறோம். அது செல்லம், வாயோட போயிரும். இது வாயோட போகல. யாருண்ணே இந்தப் பிள்ளைய நெசமாவே தாயாக்கி வச்சது?"

அவனுக்கு உடனே தெரிந்தது. லோகேஸ்வரியைத் தூக்கிப்போன அன்று, பந்தலுக்கு அடியில், வந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் செவ்வந்தியைக் கட்டிப்பிடித்து அழுது, இனிமே நீதான்டி உன் தம்பிக்கு அம்மா என்று சொன்னார்கள். அத்தை சொன்னாள், சித்தி சொன்னாள், புதிதாகக் குடிவந்த, லோகேஸ்வரியை உயிரோடு பார்த்திராத எதிர்வீட்டுக்காரிகூடச் சொன்னாள். எல்லாப் பந்தலிலும் எல்லா மூத்த பெண்பிள்ளையிடமும் சொல்கிற வார்த்தைதான், சொல்கிறவர்கள் மூக்கைச் சிந்திவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். கடைசியில் சுடுகாட்டிலிருந்து மொட்டைத் தலையோடு திரும்பி வந்த நாகேந்திரனும் அவள் தலையில் கை வைத்து அதைத்தான் சொன்னான். மற்றவர்கள் சொன்னதை அவள் காதில் வாங்கினாள், அப்பா சொன்னதை முதுகில் வாங்கிக்கொண்டாள்.

அவன் போய் அவள் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தான்.

"அம்மாடி, அன்னைக்கு அப்பா ஒண்ணு சொன்னேன்ல, நீதான் தம்பிக்கு அம்மான்னு. அது தப்பு. நான் சொல்லியிருக்கக் கூடாது. நீ அம்மா இல்ல, அக்கா."

செவ்வந்தி யோசித்தாள். "அப்ப தம்பிக்கு அம்மா யாரு?"

சாமியிடம் போயிருக்கிறாள், மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று இத்தனை நாளும் சொல்லி வந்தவன், அந்த மலையில், பிள்ளைகள் மேலே போகிற மலையில், அதைச் சொல்ல வாய் வராமல் திண்டாடினான்.

"இல்ல. தம்பிக்கு அம்மா இல்ல. உனக்கும் இல்ல. செத்துப் போயிருச்சு."

சொல்லிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. அவள் கீழே அழுந்தி உட்கார்ந்தபடியேதான் இருந்தாள்.

"நான் லேசாயிட்டா தம்பிய யாருப்பா புடிப்பா?" என்றாள், கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்கிற குரலில். "நீங்க தூங்கிருவீங்க. ஒரு நாளு பால்வாடியில அவன மறந்துட்டீங்க. ஆயாம்மா கதவப் பூட்டிட்டு வாசல்ல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நான்தான் போயிக் கூட்டிட்டு வந்தேன். உங்ககிட்ட சொல்லல."

நாகேந்திரனுக்கு அது தெரியாது. பிள்ளை எப்படி வீட்டுக்கு வந்தான் என்று அன்றைக்கு அவன் கேட்கக்கூட இல்லை. இனி மறக்கமாட்டேன், இனி தூங்கமாட்டேன் என்று சத்தியம் செய்யலாமா என்று நினைத்தான், சத்தியம் செய்கிற ஆட்களை அவள் நம்பமாட்டாள் என்று தோன்றியது, அவனே நம்பவில்லை. "ஆமா, மறந்துட்டேன்" என்று மட்டும் சொன்னான். மகனின் கயிற்றை எடுத்துத் தன் இடுப்பில் சுற்றி, மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவன் போடுகிற முடிச்சைப் போட்டு, அவளை இழுத்துப் பார்க்கச் சொன்னான். அவள் இழுத்துப் பார்த்தாள், பல்லால் கடித்துப் பார்த்தாள், அதன்பிறகுதான் தம்பியை விட்டாள். அமுதன் ஜிவ்வென்று மேலே போனான்.

"வா, அப்பா தூக்கிக்கிறேன்" என்றான் நாகேந்திரன்.

"வேணாம்ப்பா. நான் கனம்."

அவன் கேட்கவில்லை. இரண்டு கையையும் கொடுத்து அள்ளித் தூக்கினான், தூக்கினவன் அப்படியே நின்றுவிட்டான். அந்தக் கனம் அவனுக்குத் தெரிந்த கனம். கடைசி மாதங்களில் கட்டிலிலிருந்து குளியலறைக்கும் குளியலறையிலிருந்து கட்டிலுக்கும் தினமும் அவன் இந்தக் கையால்தான் தூக்கிச் சுமந்தான். இடது கையில் அதிகமாகச் சாயும், தோளில் தலை படும்போது கொஞ்சம் குறையும், அரைக் கிலோ கூடுதலும் இல்லை, குறைச்சலும் இல்லை, லோகேஸ்வரியின் கனம். ஏழு வயதுப் பிள்ளை அதை இத்தனை மாதம் தனியாக வைத்திருந்திருக்கிறது, பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறது, அதோடு குனிந்து தம்பிக்குச் செருப்பு மாட்டிவிட்டிருக்கிறது. அவன் வாய்விட்டு அழுதான். ஒச்சம்மா பையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, முன்னால் நடந்தாள்.

மகளைச் சுமந்துகொண்டு அவன் உச்சிக்கு ஏறினான். இலவமலையில் யாரும் பிள்ளையைச் சுமந்து ஏறியதில்லை, எதிரில் இறங்கி வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள், ஒருவர் நெஞ்சுவலி ஏதாவது வந்துவிடப் போகிறது தம்பி, இறக்கி விடு என்றார், இன்னொருவர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் தன் தண்ணீர் பாட்டிலை ஒச்சம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார். நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்றான். கால் பின்னிக்கொண்டது, முட்டி விண்விண்ணென்றது, கண் இருட்டியது, தலைக்கு மேலே அமுதன் ஏதோ பாட்டை வார்த்தையெல்லாம் தப்பாகப் பாடிக்கொண்டு வந்தான்.

"இறக்கி விடுங்கப்பா. உங்களுக்குக் கால் வலிக்கும்."

"வலிக்குதுதான். வலிக்கட்டும்."

இன்னும் கொஞ்சம் ஏறினான். அவள் மறுபடி கேட்டாள், அவன் மறுபடி அதையே சொன்னான். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளில் முகத்தை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் சட்டை நனைந்தது. முதலில் சத்தம் இல்லாமல் அழுதாள், பிறகு விக்கினாள், பிறகு மலை முழுக்கக் கேட்கிற மாதிரி ஓவென்று அம்மா அம்மா என்று அழுதாள், எட்டு மாதமாக வீட்டில் யாரும் கேட்காத அழுகை. அழுகைக்கு நடுவில் பேச்சும் வந்தது. எனக்குச் சடை போடத் தெரியலப்பா, மிஸ் திட்டுறாங்க. தம்பி கடிக்கிறான்ப்பா, நான் சொல்றதே இல்ல. எனக்கு ராத்திரி பாத்ரூம் போகப் பயமா இருக்கு. எனக்கு ரசம் சோறே பிடிக்கல, தினமும் அதையே வைக்கிறீங்க. நாகேந்திரன் ஒவ்வொன்றுக்கும் ம்ம் என்றான், அதற்கு மேல் பேச அவனிடம் மூச்சு இல்லை.

எந்த இடத்தில் கனம் குறைந்தது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. மலையும் அதைச் சட்டென்று எடுத்துக்கொண்டுவிடவில்லை. பழகினதால் கனம் தெரியவில்லை என்றுதான் நினைத்தான், கால் மரத்துவிட்டது என்றுதான் நினைத்தான். உச்சிப் பாறையில் ஏறி நின்று பெருமூச்சு விட்டு, இறக்கிவிடுவதற்காகக் குனிந்து கையைத் தளர்த்தியபோது, செவ்வந்தி கீழே இறங்கவில்லை. அவன் கழுத்தைக் கட்டியிருந்த கை மட்டும் கழுத்தில் இருந்தது, உடம்பு அவன் தலைக்குப் பின்னால் தாவணி மாதிரி காற்றில் நீண்டு பறந்தது.

"அப்பா, விட்றாதீங்க" என்றாள், பயந்துபோய்.

அவன் விடவில்லை. ஒச்சம்மா ஓடிவந்து வளையத்தில் கயிறு மாட்டிக் கொடுக்க, அதையும் இடுப்பில் அதே முடிச்சாகப் போட்டுக்கொண்டு, இழுத்துக் காட்டிவிட்டு, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மெதுவாக மேலே அனுப்பினான். அவள் கண்ணை இறுக்கி மூடியபடி போனாள். அழுது வீங்கின முகம், சிராய்ந்த முழங்கை, அவிழ்ந்துபோன கோணல் சடை, எல்லாம் மேகத்துக்குப் பக்கத்தில் போயின. சிரிக்கிறாளா என்று நாகேந்திரன் பார்த்தான். சிரிக்கவில்லை. சிரிக்காவிட்டால் போகட்டும் என்று இருந்தது அவனுக்கு.

ஒச்சம்மா பையைத் துழாவி ஒரு கடலை மிட்டாயை எடுத்து மேலே விட்டெறிந்தாள், பங்கு வைத்துத் தின்னுங்க என்று. செவ்வந்திதான் எட்டிப் பிடித்தாள். வழக்கமாக அதை இரண்டாக உடைத்து, பெரிய துண்டைத் தம்பிக்குக் கொடுத்து, சின்னதையும் அவன் கேட்டால் கொடுக்கிறவள், இப்போது கையில் இருந்ததைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், முழு மிட்டாயையும் வாயில் போட்டுக்கொண்டாள். அமுதன் ஒரு கணம் நம்பாமல் பார்த்தான். பிறகு வீறிட்டுக்கொண்டு அவள் சடையைப் பிடித்து இழுத்தான், அவள் உதைத்தாள், உதைத்த வேகத்தில் ஆளுக்கொரு திசையில் சுழன்று போய், கயிறு இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ள, மறுபடி ஒருவர் மேல் ஒருவர் வந்து மோதினார்கள். கீழே நாகேந்திரன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுபட்டான். அந்த வீட்டில் யாரும் யாரைப் பற்றியும் கோள் சொல்லி எத்தனையோ நாளாகிவிட்டது.

"அப்பா" என்று வாய் நிறைய மிட்டாயோடு மேலேயிருந்து கத்தினாள் செவ்வந்தி. "இவனப் பாருங்கப்பா."

"பாக்குறேன்ம்மா, பாக்குறேன்" என்றான் நாகேந்திரன், இரண்டு கயிற்றையும் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு.